ஸ்பானிஷ் கற்க எந்த நாட்டு வழக்கு நல்லது: ஸ்பெயினா, மெக்சிகோவா, அர்ஜென்டினாவா?

குறிப்பிட்ட நாடு எதுவும் மனதில் இல்லையென்றால் மெக்சிகோ வழக்கை எடுங்கள். ஸ்பானிஷ் பேசுவோர் அதிகம் உள்ள நாடு அதுதான். கேட்டுப் பழகப் பாடங்களும் வீடியோக்களும் கொட்டிக் கிடக்கின்றன. படிக்கவோ வேலைக்கோ ஸ்பெயின் போகிறவர்கள் ஸ்பெயின் வழக்கு. புவனோஸ் ஐரிஸ் போவது உறுதி என்றால் மட்டும் அர்ஜென்டினா.

முக்கியமான வித்தியாசம் 'நீ, நீங்கள்' விஷயத்தில்தான். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தை 'வோசோத்ரோஸ்' என்பார்கள், பெரியவர்களை 'உஸ்தேதெஸ்'. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் இரு கூட்டத்துக்கும் 'உஸ்தேதெஸ்' ஒன்றே, நம் 'நீங்க' மாதிரி. எனவே ஒவ்வொரு காலத்திலும் மனப்பாடம் செய்ய வேண்டிய வினை வடிவங்கள் ஆறிலிருந்து ஐந்தாகின்றன.

அர்ஜென்டினாவில் 'தூ' (நீ) இல்லை, 'வோஸ்'. பார்க்க மிரட்டும், உண்மையில் சுலபம். 'போதேர்' (ஒன்றைச் செய்ய முடிதல்) என்ற வினை 'தூ'வோடு 'புவேதெஸ்' என்று உருமாறும். 'வோஸ்'ஸோடு 'போதேஸ்', அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. தெருவைக் குறிக்கும் 'காயே' அங்கே 'காஷே' ஆவது வேறு கதை.

உச்சரிப்பில் ஒரு பொறி. 'வீடு', 'வேட்டை' இரண்டும் மெக்சிகோவில் 'காசா'தான். ஸ்பெயினின் பெரும்பகுதியில் வேட்டைக்கு மட்டும் நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்துக் காற்றை விட வேண்டும். நம்மவர்கள் அதை அழுத்தமான 'த்த' ஆக்கி 'காத்தா' என்பார்கள். கேட்பவருக்கு அது ஒயின் ருசி பார்ப்பதாகிவிடும்! வேறு சிலர் எல்லா 'ஸ'வையும் இப்படி மாற்றுகிறார்கள், அதுவும் தப்பு. 'z' எழுத்துக்கும், 'e', 'i' எழுத்துகளுக்கு முன் வரும் 'c' எழுத்துக்கும் மட்டும்தான் இந்த ஒலி.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. 'நாதா' (ஒன்றுமில்லை) என்பதன் நடு ஒலி நம் 'அது'வில் வரும் 'து'தான். 'பெரோ' (ஆனால்), 'பெறோ' (நாய்) வேறுபாட்டை, ர-ற பிரித்துப் பேசுகிறவர்கள் எளிதில் பிடிப்பார்கள். 'ற'வில் நாக்கை இன்னும் கொஞ்சம் உருட்டினால் போதும்.

சொற்களில் ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். ஸ்பெயினில் 'கொஹேர்' என்றால் 'எடுத்தல்', பஸ் பிடிக்கவும் அதுவே. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது பச்சைக் கெட்ட வார்த்தை. அங்கே 'தொமார்' என்று சொல்லுங்கள்.

கையிலுள்ள புத்தகம் எந்த வழக்கு என்று பார்க்க, கணினிக்கு என்ன சொல் என்று தேடுங்கள். 'ஓர்தெனதோர்' என்றால் ஸ்பெயின். 'கொம்புத்தாதோரா' என்றால் அமெரிக்கக் கண்டம். ஸ்பானிஷ் திறனைச் சோதிக்கும் 'தெலே' (DELE) தேர்வில் எந்த வழக்கில் பேசினாலும் ஏற்பார்கள், ஒரே பேச்சில் இரண்டைக் கலக்காமல் இருந்தால் நல்லது.

முதல் 3 மாதம் ஒரே நாட்டு ஆடியோ. பி1 (B1) எனும் இடைநிலைக்கு வந்தபின் தினம் 15 நிமிடம் கியூபா, சிலி பேச்சைக் கேளுங்கள். அங்கே சொல்லிறுதி 'ஸ்' மூச்சாகக் கரைந்துவிடும். 'லாஸ் காசாஸ்' (வீடுகள்) 'லஹ் காசஹ்' என்று கேட்கும், சில சமயம் அந்த மூச்சும் இருக்காது. ஒருமையா பன்மையா என்பதை அடுத்து வரும் வினையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.