பீக் டிஸ்ட்ரிக்ட்டில் "இது தனியார் நிலம்" என்று நிறுத்தினால்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் நடந்தபோது நிலக்காரர் ஒருவர் மறித்தார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். யாரும் நடக்க உரிமையுள்ள பொதுப் பாதை என்றால் அவர் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது, நிலம் அவருடையதாகவே இருந்தாலும். முன்னால் போன வெள்ளைக்காரக் குடும்பத்தை விட்டுவிட்டு உங்களை மட்டும் மறித்தார் என்கிறீர்கள். காரணம் பாதையல்ல, உங்கள் நிறம்தான் என்று எனக்கும் படுகிறது.

ஆனாலும் முதலில் வரைபடம் பாருங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 தாளில் விட்டுவிட்டு வரும் பச்சைக் கோடு நடைபாதை உரிமை. கறுப்புக் கோடு வெறும் தடம். அதை நம்பிப் போய் நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். சந்தேகமென்றால், உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் வைத்திருக்கும் பாதை வரைபடம்தான் சான்று. வேலிக் கம்பத்தில் பொது நடைபாதையைக் காட்டும் மஞ்சள் அம்பு இருந்ததா?

கேட்டைப் பூட்டியிருந்தால் படம் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். நிறத்தைச் சொல்லித் திட்டினால் அது போலீஸ் விஷயம்: அவசரமில்லை என்றால் 101-ஐ அழையுங்கள், ஆபத்தென்றால் 999. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே, நேரத்தோடு, அன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஆனால் பாதையை விட்டு விலகி வயல் நடுவில் பாய் விரித்துப் புளிச்சாதம் பிரித்திருந்தால், போகச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.