நெற்றிக்குப் பின்னால்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் வீரர் ஜேம்ஸ் கிராக்னெல் பற்றிப் படித்தேன். துடுப்புப் படகில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர், அட்லாண்டிக்கைத் துடுப்புப் போட்டே கடந்தவர், லாரியில் அடிபட்டும் மீண்டு வந்தவர். பிளஸ் டூ படிக்கும் என் மகன் ஒரு மணிநேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன் என்கிறான். மன உறுதிக்கு இவரை உதாரணமாகச் சொல்லலாம் அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஒரு மணிநேரம் உட்காராத பையனுக்கு அட்லாண்டிக்கை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? நடுவில் எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வரட்டும்.

பதக்கக் கதையை அவனே தேடிப் படித்துக்கொள்வான். 2000இல் சிட்னியில், பிரிட்டனின் பெரிய துடுப்பு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம் கிடைத்த படகில் இவரும் இருந்தார். 2004இல் ஏதென்ஸில் கனடாவை முந்தியது 0.08 விநாடியில். அடுத்த ஆண்டு டிவி தொகுப்பாளர் பென் ஃபோகிளுடன் கேனரி தீவுகளில் உள்ள லா கொமேராவிலிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கின் மறுகரையில் கரீபியன் தீவான ஆன்டிகுவா போய்ச் சேர 49 நாள். வழியில் படகு கவிழ்ந்தது.

நான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருப்பது 2010 ஜூலையை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க்குக்கு சைக்கிள், ஓட்டம், நீச்சல், துடுப்பு என்று புறப்பட்டவரை, அரிசோனாவில் பின்னால் வந்த பெட்ரோல் லாரியின் பக்கக் கண்ணாடி தலையில் அடித்தது. (துடுப்புக்காரர்கள் பின்புறம் பார்த்து உட்கார்ந்தே போட்டியிடுகிறவர்கள். துரத்தி வருபவன் கண்ணெதிரிலேயே இருப்பான். சைக்கிளில் அந்த வசதி இல்லை.) தலைக்கவசம் உயிரைக் காத்தது. உங்கள் மகன் ட்யூஷனுக்கு ஸ்கூட்டரில் போகிறானா? 18 வயது ஆகுமுன் சாவியைக் கொடுத்திருந்தால் திட்டு உங்களுக்குத்தான்.

அடி பின்மண்டையில், சேதம் முன்மூளையில். அதிர்ச்சியில் மூளை முன்னால் போய் மண்டையோட்டில் மோதியிருக்கிறது. திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, எடுத்த வேலையை விடாமல் முடிப்பது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. மன உறுதி என்று நீங்கள் ஏதோ ஆன்மாவின் சொத்துபோல எழுதுகிறீர்களே, அது அங்கேதான் குடியிருக்கிறது, சதையாக, காயப்படக்கூடியதாக. வலிப்பு வந்தது. வாசனையும் ருசியும் போயின. முன்கோபம் வந்தது. 2019இல், 46 வயதில், கேம்பிரிட்ஜுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜுக்காகத் துடுப்புப் பிடித்து வென்றார். அந்தப் போட்டியில் அத்தனை வயதில் அதுவரை யாரும் துடுப்புப் போட்டதில்லை. அதே ஆண்டு மணவாழ்வு முறிந்ததும் செய்தியானது. 'மீண்டு வந்தவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். எனக்கு முடியவில்லை.

காரணம், என் சின்ன மாமா. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, பத்தாம் நாள் தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். கட்டுப் பிரித்ததும் குணமாகிவிட்டது என்று கோயிலில் பொங்கல் வைத்தோம். அதன் பிறகு கணக்குப் பேரேட்டைப் பாதியில் மூடிவிட்டு எழுந்து போவார். சோற்றுத் தட்டை வீசுவார். பாட்டி 'திமிர்' என்றாள். அப்பா வாரம் தவறாமல் வந்து, மனசு வைத்தால் முடியாதது இல்லை என்று புத்தி சொன்னார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மேதாவி நான், அதையே நாலு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, தெருவரை தீய்ந்த நாற்றம். அத்தை ஓடி வந்து பார்த்தால், மாமா அடுப்புக்கு இரண்டடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அத்தை போட்ட கூச்சலில்தான் நிமிர்ந்தார். "என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

நடிக்கிறார் என்றுதான் அன்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.