டைம்கோடு கொடுத்தும் நழுவுகிறதே, ஏன்?

கோத்தகிரியில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். டைம்கோடு என்ற ஓடும் நேர எண்ணைக் கொண்டு கம்ப்யூட்டரையும் வெளி மெஷின்களையும் ஒத்து ஓடவைப்பது பற்றி மலையில் இருக்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

குன்னூர் நண்பர்: அண்ணா, ஹார்டு டிஸ்க் ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு டைம்கோடு போகிறது. பாட்டு சரியாகத்தான் தொடங்குகிறது. ஒரு மணி நேரக் கச்சேரி முடியும்போது மேளம் இரட்டையாகக் கேட்கிறது.

கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. எந்த வளைவில் இருக்கிறோம் என்று அது சொல்லும். வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பது அதற்குத் தெரியாது. டைம்கோடும் அப்படித்தான், இடத்தை மட்டும் சொல்லும். வேகம் அந்தந்த மெஷினுக்குள் துடிப்பு தரும் கிரிஸ்டலின் கையில். இரண்டிலும் பதிவு வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே போட்டிருக்கும், ஆனாலும் இம்மி வித்தியாசம் இருக்கும். பத்து லட்சத்தில் 20 பங்கு என்றால்கூட ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட். மேளம் இரட்டிக்க அது போதும்.

வழி: வேர்ட் கிளாக் (இரண்டு மெஷினையும் ஒரே வேகத்தில் ஓட்டும் துடிப்பு) கேபிள் ஒன்று போடுங்கள். அந்தத் துளை இல்லையா, எஸ்பிடிஃப் அல்லது ஏடாட் என்ற டிஜிட்டல் ஆடியோ இணைப்பு வழியாகவும் கிளாக் போகும். ஒன்று முதலாளி, அது ‘இன்டெர்னல்’; அதைப் பின்பற்றும் மற்றது ‘எக்ஸ்டெர்னல்’. இரண்டையும் ‘இன்டெர்னல்’ என்று விட்டுவிட்டுக் கேபிளைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கூடலூர் தம்பி: டிரம் மெஷினுக்கு மிடி (இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக டைம்கோடு அனுப்புகிறேன். டெம்போ அசையவே மாட்டேன் என்கிறது.

அசையாது தம்பி. டைம்கோடில் மணி, நிமிடம், விநாடி, ஃப்ரேம் மட்டும்தான். டிரம் மெஷினுக்கு வேண்டியது மிடி கிளாக், கால் நோட்டுக்கு (குவார்ட்டர் நோட்) 24 துடிப்பு. செட்டிங்கில் அதை டிக் செய்யுங்கள், வேலை முடிந்தது.

ஊட்டியிலிருந்து: ஃப்ரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, 25 வைப்பதா, 29.97 வைப்பதா?

நம் நாட்டு டிவி முறைக்கு 25. ஆனால் கேமராக்காரரிடம் கேட்காமல் தொடாதீர்கள். அவர் 29.97 என்றால் டிராப் ஃப்ரேமா என்றும் கேளுங்கள். அதில் படம் எதுவும் விழுவதில்லை, எண்கள்தான் தாவும்: நிமிடத்துக்கு இரண்டு, பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாவாது. மணிக்கு 108 எண். ஒருவர் டிராப், இன்னொருவர் நான்-டிராப் என்றால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி தள்ளி நிற்பீர்கள்.

மறுபடி குன்னூர்: பழைய டேப் மெஷினில் டைம்கோடைப் பதிந்தால் அதன் கரகர சத்தம் பக்கத்து டிராக்கில் கசிகிறதே?

டைம்கோடைக் கடைசி டிராக்கில் போட்டு, அதற்கு முந்தையதைக் காலியாக விடுங்கள். லெவலைக் கொஞ்சம் குறையுங்கள். கம்ப்ரஸர், ஈக்யூ போன்ற ஒலி திருத்தம் எதுவும் அதன் மேல் வேண்டாம். ஒரு முறை அந்த டிராக்குக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க கேபிள் மாற்றிக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்.

கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊர்): ஹெத்தையம்மன் திருவிழாவை இரண்டு கேமரா, ஒரு ரெக்கார்டரில் எடுக்கிறோம். டைம்கோடு பெட்டி வாங்கக் காசில்லை.

வாங்கவே வேண்டாம். மூன்றும் ஓடும்போது நடுவில் நின்று ஓங்கி ஒரு தடவை கை தட்டுங்கள். வேவ்ஃபார்மில் (ஒலியின் வரைபடத்தில்) ஊசி மாதிரி நிற்கும், மூன்றையும் அதில் பொருத்திவிடலாம். நிறுத்துவதற்கு முன்னாலும் ஒரு தட்டு. அந்த ஊசிகள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அந்த அளவுக்கு ஆடியோவை இழுத்தோ சுருக்கியோ கொள்ளலாம். கூட்டத்தில் கை தட்டக் கூச்சமாக இருந்தால், தம்பட்டையில் விழும் முதல் அடி போதும்.