பனி ஊரின் கருவிகளைப் பார்ப்பது எப்படி?

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாகத் தோக்கியோவில் இருக்கிறேன். பிப்ரவரியில் நீகாத்தா மாநிலத்துத் தோக்காமாச்சி நகர அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். சுடர் வடிவப் பானைகளைப் பார்க்கத்தான் போகிறோம். மற்ற அறைகளில் வைக்கோல் செருப்பு, மரச் சாமான், பழைய தறி என்று இருக்குமாம். ஜப்பானிய மொழி தெரியாது. ஒரு மணி நேரம் போதுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போதாது. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பானைகளுக்கு ஒரு மணி, நீங்கள் தள்ளிவைத்த அந்த "மற்ற அறைகளுக்கு" இரண்டு மணி. அந்த ஊரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சசயாமா அகழ்வில் கிடைத்த 57 ஆழ்பானைகள் 1999-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டன. வயது ஏறக்குறைய 5,000 ஆண்டு. எல்லோரும் விளிம்பில் எழும் சுடர்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் குனிந்து பானையின் உடம்பைப் பாருங்கள். கரி படிந்த தடம் தெரியும். இவை அடுப்பேறிய பானைகள். புகழ்பெற்ற முதல் எண் பானை வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போவதுண்டு. "ஹொன்மோனோ தெஸ் கா?" என்று ஊழியரிடம் கேளுங்கள், அசலா என்று பொருள். "ஃபுகுசெய்" என்று பதில் வந்தால் அது நகல்.

அடுத்து நெசவு அறை. இங்கே அவசரப்படாதீர்கள். வயல்கள் பனிக்கடியில் கிடக்கும் மாதங்களில் இந்த வட்டாரத்துப் பெண்கள் நெய்தது எச்சிகோ சிஜிமி என்ற மெல்லிய நார்த்துணி. கரமுஷி என்ற செடியின் நாரை நகத்தால் மயிரிழையாகக் கிழித்து, நுனியோடு நுனி முறுக்கி நூலாக்குவார்கள். இந்த நூலுக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் பட்டென்று அறுந்துவிடும். பனி மூடிய வீட்டின் ஈரக்காற்றுதான் அதைக் காப்பாற்றியது. வேறு இடத்தில் பனி வேலையை நிறுத்தும், இங்கே பனி இருந்தால்தான் இந்த வேலையே நடக்கும்.

தறியின் பெயர் இசாரிபதா. நம் குழித்தறியை மனதில் வைத்துப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள். இதில் மிதிகட்டை இல்லை. பாவு என்னும் நீளவாட்டு இழைகளின் ஒரு முனை தறியில், மறுமுனை நெய்பவரின் இடுப்புப் பட்டையில். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். பாதத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால் பாவிழைகளைத் தூக்கும் விழுது எழும்பி, குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு வழி திறக்கும். அதிகம் சாய்ந்தால் இழை அறும், தளரவிட்டால் நெசவு சீராக விழாது. இறுக்கத்தை அளக்க அவருடைய இடுப்புதான் கருவி. அந்தப் பட்டை எங்கே கட்டப்படுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள், தறி முழுவதும் தானாகப் புரிந்துவிடும்.

ஊடை நூலுக்கு முறுக்கு மிக அதிகம். நெய்த துணியை வெந்நீரில் ஊறவைத்துப் பிசையும்போது அந்த முறுக்கு திரும்ப முயன்று துணி முழுக்க நுண்ணிய சுருக்கம் விழும். அதனால்தான் கோடையில் வியர்த்தாலும் உடம்பில் ஒட்டாது. பிறகு வெயில் நாளில் பனிமேல் விரித்து வெளுக்கவைப்பார்கள். இந்த வட்டாரத்து நார்த்துணிகளான ஒஜியா சிஜிமியும் எச்சிகோ ஜோஃபுவும் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பனிமேல் வெளுப்பதை நேரில் பார்க்க ஆசையென்றால் பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளிவைத்துப் பக்கத்து மினாமிஉவொனுமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனிக்காலக் கருவிகள் மட்டும் 3,868 உருப்படிகள் நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டுள்ளன. அதில் கோசுகி என்ற, பீச் (beech) மரத்தில் செய்த பனி அள்ளும் துடுப்பையும், சுகாரி என்ற பெரிய பனிநடை வளையத்தையும் தவறவிடாதீர்கள். சுகாரியின் முன்பக்கம் ஒரு கயிறு இருக்கும். ஆழப் பனியில் காலை மட்டும் தூக்கினால் வளையம் எழாது, கையால் கயிற்றை இழுத்து, காலும் கையும் சேர்ந்துதான் ஒவ்வோர் அடியும். ஊருக்குப் பாதை மிதித்துக் கொடுப்பவர் அணிவது இது. கயிற்றின் நீளத்தைப் பார்த்தாலே கை எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று தெரியும்.

மொழிபெயர்ப்புச் செயலியைப் பெயர்ப்பலகைமேல் காட்டினால் இங்கே அபத்தமாகத்தான் வரும். கருவிப் பெயர்கள் வட்டார வழக்கு, ஒலியை மட்டும் கத்தகானா என்ற ஒலியெழுத்தில் எழுதியிருப்பார்கள். பெயரை விட்டுவிட்டு, கீழேயுள்ள விளக்க வரிகளை மட்டும் படமெடுத்துப் பெயர்த்துப் படியுங்கள்.

வழி: ஜோயெத்சு ஷின்கான்செனில் எச்சிகோ-யுசாவா, அங்கிருந்து ஹொகுஹொகு ரயில் தடத்தில் தோக்காமாச்சி. நாடு முழுக்கச் செல்லும் ஜேஆர் ரயில் பாஸ் இடையிலுள்ள முயிகாமாச்சி நிலையத்துக்கு அப்பால் செல்லாது, அந்தத் துண்டுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். நிலையத்தின் மேற்கு வாசலிலிருந்து நடை தூரம்தான். ஆனால் பிப்ரவரியில் பாதையோரம் ஆளுயரப் பனிச்சுவர் நிற்கும். ஓட்டப்பயிற்சிக் காலணி வழுக்கிவிடும், பிள்ளைகளுக்குக் கணுக்கால் மூடும் ரப்பர் காலணி வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. பனித் திருவிழாவும் பிப்ரவரியில்தான், அந்த வாரயிறுதியில் போவதானால் தங்குமிடத்தை இப்போதே பதிவுசெய்யுங்கள்.