ஓய்வுக்காலப் பணத்தைப் பழம்பொருள் ஏலத்தில் போடலாமா?

கேள்வி: என் கணவர் போன ஆண்டு ஓய்வு பெற்றார். பல வருடங்களாகப் பழைய நாணயம், பாக்கெட் கடிகாரம் என்று சின்னச் சின்னதாக வாங்கிச் சேர்க்கிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது ஓய்வு பெற்றபோது வந்த மொத்தத் தொகையில் கால் பங்கை எடுத்து, ஓர் ஏலத்துக்கு வரும் பாக்கெட் கடிகாரத்தையும் ஒரு வெள்ளி நாணயத் தொகுப்பையும் வாங்கப் போகிறேன் என்கிறார். "வங்கி வட்டி விலைவாசிக்கே சரியாகிவிடும். பழம்பொருள் விலை என்றைக்கும் இறங்காது. ஆறு வருடம் கழித்து விற்றால் மகளின் மேல்படிப்புக்கு ஆகும்" என்பது அவர் வாதம். 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஏலம் போன ஒரு பாக்கெட் கடிகாரத்தின் செய்தியை வேறு வெட்டி வைத்திருக்கிறார். வாங்கலாமா? வேண்டாம் என்றால் சண்டை வராமல் அதை எப்படிச் சொல்வது?

பதில்: மகள் படிப்புக்கு என்று ஒதுக்கிய பணத்தில் வேண்டாம். காரணத்தை அவர் வெட்டி வைத்திருக்கும் செய்தியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடிகாரம், பட்டேக் ஃபிலிப் நிறுவனம் ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்க வங்கியாளருக்காகச் செய்து 1933-இல் கொடுத்ததாகத்தான் இருக்கும். பாக்கெட் கடிகாரங்களில் அதைவிடப் புகழ்பெற்றது இல்லை என்றே சொல்லலாம். 1999-இல் நியூயார்க் ஏலத்தில் அது சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலருக்குப் போனது. 2014 நவம்பரில் ஜெனீவாவில் 2 கோடியே 40 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல், வாயைப் பிளக்க வைக்கும் விலைதான். ஆனால் நடுவில் 15 வருடம் ஓடியிருக்கிறது. கூட்டு வட்டிக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு 5.3 சதவீதம் வருகிறது, அவ்வளவுதான். அதுவும் முழுசாக விற்றவர் கைக்குப் போகவில்லை. 2 கோடியே 40 லட்சம் என்பது வாங்கியவர் கொடுத்த தொகை. ஏல நிறுவனத்தின் பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் கணவர் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். ஏலத்தில் ஒரு பொருளுக்கு மூன்று விலை உண்டு. சுத்தியல் தட்டும்போது அறிவிக்கும் விலை ஒன்று. அதற்கு மேல் வாங்குபவர் கமிஷன் சேர்த்து, வாங்குகிறவர் கட்டுவது இன்னொன்று. விற்பவர் கமிஷன், புகைப்படச் செலவு, காப்பீடு எல்லாம் கழித்து விற்றவருக்குக் கிடைப்பது மூன்றாவது. ஒரு காலத்தில் லண்டனின் பெரிய ஏல நிறுவனங்கள் விற்பவரிடம் மட்டும்தான் கமிஷன் வாங்கின. 1975-இல் கிறிஸ்டிஸும் சோதபீஸும் வாங்குபவரிடமும் 10 சதவீதம் வசூலிக்கத் தொடங்கின. இன்றைக்குப் பெரிய நிறுவனங்களில் 25 சதவீதத்தை ஒட்டிக் கேட்பது சாதாரணம்; பல கோடி போகும் பொருளுக்கு மட்டும் விகிதம் படிப்படியாக இறங்கும். நம்மைப் போன்றவர்கள் வாங்குவதெல்லாம் உச்ச விகிதத்தில்தான் வரும்.

சரி, கணக்குப் போடுவோம். சுத்தியல் விலை 100 என்று வையுங்கள். 25 சதவீதக் கமிஷனோடு உங்கள் கணவர் கட்டுவது 125. வரி, அனுப்பும் செலவையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம். மறுநாளே அதே பொருளை அதே 100-க்கு ஏலத்தில் விற்றால், விற்பவர் கமிஷனும் சில்லறைச் செலவும் சேர்த்து 12 போக, கையில் வருவது 88. பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை, விலையும் இறங்கவில்லை, ஆனால் போட்ட பணத்தில் 37 காணாமல் போய்விட்டது.

போட்ட 125 திரும்பி வரவே சுத்தியல் விலை 142-ஐத் தொட வேண்டும். ஆறு வருடத்தில் என்றால் விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற வேண்டும், அதுவும் லாபமே இல்லாமல் தப்பிக்க. அதே 125-ஐ 6 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆறு வருடத்தில் 177 ஆகியிருக்கும். அந்த 177-ஐக் கடிகாரம் கொடுக்க வேண்டுமானால் சுத்தியல் விலை 201 ஆக வேண்டும். அதாவது விலை இரட்டிப்பானால்தான், அவர் சலித்துக்கொள்ளும் அந்த வங்கி வட்டிக்கு ஈடாகும்.

"பழம்பொருள் விலை இறங்காது" என்பதும் சரியில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் தபால்தலை, 1856-இல் வந்த பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா. 2014-இல் அதை வாங்கியவர் கமிஷனோடு கொடுத்தது 94 லட்சத்து 80 ஆயிரம் டாலர். 2021-இல் அவர் விற்றபோது சுத்தியல் 70 லட்சத்தில் தட்டப்பட்டது. உலகிலேயே ஒன்று என்ற அருமை கூட விலையைக் காப்பாற்றவில்லை. ஐரோப்பாவின் பழைய மஹோகனி மரச்சாமான்கள் எடுப்பாக விற்ற காலம் ஒன்று இருந்தது. 2000-க்குப் பிறகு அவற்றைக் கேட்க ஆளில்லாமல் போனது, ஏனென்றால் வீடுகள் சின்னதாகின, ரசனையும் மாறியது. சேகரிப்பவர்களின் தலைமுறை மாறினால் விலையும் மாறும். அடுத்த ஆறு வருடத்தில் பாக்கெட் கடிகாரத்தை யார் தேடுவார்கள் என்று எந்த ஆலோசகராலும் சொல்ல முடியாது.

நீண்ட காலக் கணக்கு பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1986-இல், சில நூற்றாண்டுகளின் ஓவிய விற்பனைகளை வைத்துப் பார்த்தார். பணவீக்கம் போக ஆண்டுக்கு 0.55 சதவீதம்தான் மிஞ்சியது. தபால்தலை கொஞ்சம் மேல். 1900 முதல் 2008 வரை பிரிட்டிஷ் தபால்தலைகள் பணவீக்கம் போக ஆண்டுக்கு 2.9 சதவீதம் கொடுத்தன என்று டிம்சன், ஸ்பேன்ஜர்ஸ் என்ற நிதித்துறை ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் கணக்கிட்டார்கள். இவற்றிலும் மேலே சொன்ன கமிஷன்களைக் கழித்தாக வேண்டும். செய்தியில் வருவது மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்றால், விலை போகாமல் வீட்டுக்குத் திரும்பிய பொருளைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

அப்படித் திரும்பி வருவதும் சாதாரண விஷயமில்லை. விற்பவர் இதற்குக் கீழே தரமாட்டேன் என்று ஒரு ரிசர்வ் விலை வைப்பார். அதை எட்டாவிட்டால் பொருள் விற்காது. போன ஏலத்தில் விலை போகவில்லை என்பது வணிகர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். உடனே மறுபடி கொண்டுபோனால் இன்னும் குறைத்துத்தான் கேட்பார்கள். கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய மாதத்தில் உங்களுக்கு இது நடந்தால் என்ன செய்வீர்கள்? நல்லபடியாக விற்றாலும் ஏலத் தேதிக்காகச் சில மாதம் காத்திருக்க வேண்டும், விற்ற பிறகு பணம் கைக்கு வர வழக்கமாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வாங்கியவர் பணமே கட்டாமல் போவதும் உண்டு. 2010-இல் லண்டன் அருகே ஒரு சீனக் குடுவை 4 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போய் உலகமெல்லாம் பேச்சானது. ஏலம் கேட்டவர் அந்தப் பணத்தைக் கட்டவே இல்லை.

இனி பட்டியலை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம், அவர் எப்படியும் ஏதாவது வாங்கத்தான் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது! பட்டியலில் போட்டிருக்கும் மதிப்பீட்டு விலை பொருளின் மதிப்பு இல்லை. கூட்டத்தை வரவழைக்க அதைக் கொஞ்சம் தாழ்த்தியே போடுவார்கள், அதில் கமிஷனும் சேர்ந்திருக்காது. ரிசர்வ் விலையை எட்டும்வரை, விற்பவர் சார்பில் ஏலம் நடத்துபவரே விலையை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று பல நிறுவனங்களின் விதிமுறைத் தாளிலேயே இருக்கும். போட்டி இருக்கிறது என்று நினைத்து நாம் கையைத் தூக்கிக்கொண்டிருப்போம்.

கடிகாரத்தில் அவர் பார்க்க வேண்டியது முகப்புக்கு மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்களா, உள்ளே இருக்கும் இயந்திரமும் வெளி உறையும் ஒன்றுக்கொன்று பிறந்ததிலிருந்தே சேர்ந்தவையா என்பது. வேறொன்றின் உறையில் பொருத்திய இயந்திரம் ஓடும், மணியும் சரியாகக் காட்டும், ஆனால் சேகரிப்பவர்களிடம் விலை போகாது. இரண்டிலும் உள்ள எண்களை எழுதிக்கொண்டு, தயாரித்த நிறுவனத்திடமோ நல்ல கடிகாரக்காரரிடமோ சரிபார்க்கச் சொல்லுங்கள். நாணயத்தில் முதல் எதிரி துடைப்பதுதான். பளபளப்பாக்கிய நாணயம் விலை குறைந்த நாணயம். தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டுச் சொல்வார்கள். மேல்வரிசையில் ஓரிரு மதிப்பெண் வித்தியாசத்திலேயே விலை பல மடங்கு மாறும். அதனால் தரச் சான்று இல்லாத நாணயத்துக்கு உச்ச தர விலை கொடுக்கக் கூடாது.

வெள்ளி நாணயம் என்பதால் ஒரு வசதி இருக்கிறது. மொத்த எடையும் வெள்ளியின் தூய்மையும் தெரிந்தால், உருக்கினால் என்ன கிடைக்கும் என்று அவரே கணக்குப் போட்டுவிடலாம். கமிஷனோடு சேர்ந்த விலை அந்த உலோக மதிப்புக்குப் பக்கத்தில் இருந்தால் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்றால் அவர் வாங்குவது வெள்ளியை இல்லை, இன்னொரு சேகரிப்பாளர் வருவார் என்ற நம்பிக்கையை.

பொருள் யார் யார் கை மாறி வந்தது என்ற வரலாற்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். 1933-ஆம் ஆண்டு அச்சான அமெரிக்க 20 டாலர் தங்க நாணயம் ஒன்று 2021-இல் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு விற்றது. அதே வகை நாணயம் பத்து ஒரு குடும்பத்தின் வங்கிப் பெட்டகத்தில் கிடைத்தன. உண்மையானவைதானா என்று பார்க்க 2004-இல் அரசு நாணயச்சாலையிடம் கொடுத்தார்கள். உண்மையானவைதான் என்று பதில் வந்தது, நாணயங்கள் வரவில்லை: அவை புழக்கத்துக்கே விடப்படாதவை, களவு போனவை, அரசுக்குச் சொந்தம் என்றார்கள். வழக்கு பல ஆண்டு நடந்து குடும்பம் தோற்றது. தந்தம், ஆமை ஓடு பதித்த பொருள்களுக்கும், கோயிலிலிருந்தோ அகழ்விடத்திலிருந்தோ வந்த பொருள்களுக்கும் பல நாடுகளில் சட்டத் தடைகள் இருக்கின்றன. வாங்கிவிட்டு விற்க முடியாமல் மாட்டிக்கொள்வார்.

இப்போது சண்டை வராமல் சொல்லும் வழி. "வேண்டாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவரிடம் ஏற்கெனவே இருப்பதிலிருந்து, நல்ல விலைக்கு வந்தது என்று அவரே நினைக்கும் இரண்டு பொருளை எடுத்து, இதே ஏல நிறுவனத்தில் விற்கச் சொல்லுங்கள். எந்தப் பொருள் என்பது அவர் தேர்வு. விற்க முன், என்ன விலை போகும் என்று அவர் நினைக்கிறாரோ அதை ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். இத்தனை வருடமாக அவர் வாங்கியிருக்கிறார். நீங்கள் எழுதியதில் அவர் எதையாவது விற்றதாக ஒரு வரி கூட இல்லை. சேகரிப்பவர்கள் பலருக்கும் இதுதான் நிலை, கமிஷன் எவ்வளவு கடிக்கும் என்பது விற்கும்போதுதான் உறைக்கிறது. கணக்குத் தீர்ந்து கைக்கு வந்த காசோலையை அந்தத் தாளோடு வைத்துப் பார்த்தபின் அவரே முடிவெடுக்கட்டும். அதில் லாபம் வந்திருந்தால் என் பேச்சை அவர் கேட்க வேண்டியதில்லை, அந்த லாபத்தில் தாராளமாக வாங்கலாம்.

அதுவரை, படிப்புப் பணம் ஆறு வருடத்தில் முதிரும் பாதுகாப்பான வைப்பிலோ கடன் பத்திரத்திலோ தனியாகப் போகட்டும். பொழுதுபோக்குக்கு என்று ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கிக் கொடுங்கள். மொத்தமும் போனாலும் வீட்டுச் செலவு அசையாத அளவு என்பதுதான் என் அளவுகோல். சுற்றுலாவுக்குச் செலவழிப்பதைப் போல அதைச் செலவாகவே எழுதுங்கள், சொத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏலத்துக்குப் போகும்முன் கையில் இருக்கும் தொகையை 1.25-ஆல் வகுக்கட்டும். 100 இருந்தால் 80-க்கு மேல் கை தூக்கக் கூடாது. வரியும் உண்டு என்றால் அதைவிடக் குறைவு. அந்த எண்ணை நேரில் கேட்காமல் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது, பெரும்பாலான ஏல நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக உங்களுக்காக ஒரு வேலை. அவர் சேர்த்ததையெல்லாம் பட்டியல் போடச் சொல்லுங்கள்: படம், எடை, வாங்கிய தேதி, கொடுத்த விலை, பில், யாரிடம் காட்டினால் நியாயமான விலை சொல்வார் என்ற பெயர். அவருக்கு ஒன்று என்றால் அவற்றை விற்கப் போவது நீங்களோ மகளோதான். வீட்டுக் காப்பீடு இருந்தால், நாணயத்துக்கும் கடிகாரத்துக்கும் அதில் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.