அசையாத ஸ்பார்க் பிளக்: முறுக்கினால் முறியும், ஆட்டினால் இளகும்

கேள்வி: என்னிடம் 2012 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. வண்டி வெளியேதான் நிற்கும். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்பார்க் பிளக் மாற்றியதாக நினைவே இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை நானே மாற்ற உட்கார்ந்தேன். மூன்று பிளக்குகள் வந்துவிட்டன. நான்காவது கால் சுற்று சுழன்று, அப்படியே பிடித்துக்கொண்டது. பயந்துபோய்த் திரும்ப இறுக்கி வைத்துவிட்டேன். முறியாமல் அதை எப்படிக் கழற்றுவது? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: பிடித்துக்கொண்டதும் கையை எடுத்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பிளக்கின் விலை சில நூறு ரூபாய். அது முறிந்து உள்ளே நின்றுவிட்டாலோ, பிளக் பதியும் சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேல்மூடி) மரை உரிந்து வந்துவிட்டாலோ செலவு ஆயிரங்களில் போகும். வண்டியும் சில நாள் பட்டறையில் நிற்கும்.

கால் சுற்று வந்து நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். நோயின் பெயர் அதிலேயே இருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட பிளக் தொடக்கத்தில்தான் முரண்டு பிடிக்கும். ஒருமுறை 'டக்' என்று விட்டுவிட்டால் பிறகு விரலாலேயே சுழலும். உங்களுடையது நேர்மாறு. உட்காரும் இடத்தில் விட்டுவிட்டது, மரையில் பிடிக்கிறது. பிளக்கின் அடிமரைகள் பெட்ரோல் எரியும் அறைப் பக்கம் இருப்பதால் அவற்றின் மேல் கரி படியும். பிளக் மேலே ஏறும்போது அந்தக் கரி ஹெட்டின் மரைக்குள் ஆப்புபோல் இறங்கும். இன்னும் பலமாகத் திருப்பினால் ஆப்பும் இன்னும் இறுகும். கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிளக்கின் உடல் எஃகு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடியும் மரைக்குள் சிமெண்டுபோல் அடைத்துக்கொள்ளும்.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் நடத்திய ஓர் எஞ்சின் உண்டு. அமெரிக்காவில் 2004 முதல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டிகளில் வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட ட்ரைட்டன் எஞ்சின். மறைமலைநகரில் பல ஆண்டுகள் ஃபோர்டு கார்கள் தயாரானாலும் இந்த எஞ்சின் நம் ஊர் வண்டிகளில் வரவில்லை, தப்பித்தோம். அதன் பிளக்கில் மரைக்குக் கீழே மரையில்லாத நீண்ட குழாய் ஒன்று இருந்தது. பிளக்கின் உடலும் அந்தக் குழாயும் இரண்டு துண்டுகள். குழாயைச் சுற்றிக் கரி இறுகிவிடும். மெக்கானிக் மேலே திருப்புவார். கீழ்த்துண்டு எஞ்சினிலேயே நின்றுவிடும். முறிந்த துண்டை வெளியே எடுப்பதற்கென்றே தனிக் கருவிகள் கடைகளுக்கு வந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஃபோர்டு தன் மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி மிக எளியது. எஞ்சின் நன்றாக ஆறட்டும். பிளக்கை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் இளக்கு. பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள், கரியைக் கரைக்கும் கார்புரேட்டர் கிளீனரை விட்டு ஊறவை. பிறகு முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடு.

உங்கள் பிளக் ஒரே துண்டு. அது அப்படி முறிவது அரிது. ஆனால் இந்த முறை உங்களுக்கும் அப்படியே பொருந்தும். கவனிக்க வேண்டியது அதன் வரிசை: முதலில் இளக்கு, பிறகு ஊற்று. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இறுக்கமாக இருக்கும் பிளக்கின் வாஷர், மரைத் துளையை மேலிருந்து அடைத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் எண்ணெய் ஊற்றுவது கவிழ்த்த குடத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவதுதான். ஒரு சொட்டுகூட மரைக்குப் போகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வரை காத்திருக்க வேண்டாம், சனி மாலையே தொடங்குங்கள். இரவு முழுதும் ஊறட்டும். எஞ்சின் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, நான்காவது பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) எடுங்கள். குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மணல், காய்ந்த இலைத்தூள், சில நேரம் செத்த எறும்புகூட இருக்கும். இதை முதலில் ஊதித் தள்ளாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பஞ்சர் கடைக் காற்று கிடைக்காவிட்டால் சைக்கிள் பம்பின் முனையில் ஒரு மெல்லிய குழாயைச் செருகினாலும் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள்.

பிறகு பிளக்கைக் கால் சுற்றுக்குள்ளாகவே இளக்கி, துரு இளக்கும் எண்ணெயையோ கார்புரேட்டர் கிளீனரையோ குழிக்குள் விடுங்கள். ஒரு தேக்கரண்டி போதும். குழி நிறைய ஊற்றினால் எல்லாம் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கரிக்குக் கிளீனர் நல்லது, அரிப்புக்கு எண்ணெய் நல்லது. உங்கள் வண்டியில் இரண்டும் இருக்கும் என்று சந்தேகப்படுவதால் முதலில் கிளீனர், ஒரு மணி நேரம் கழித்து எண்ணெய் என்றுதான் நான் செய்வேன். கிளீனர் சட்டென்று தீப்பிடிக்கும். சூடான எஞ்சின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

மறுநாள் கருவிக்கு வருவோம். பிளக்குக்கென்று இருக்கும் நீளமான சாக்கெட்டை, உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பிளக்கின் தலை அளவு 21, 16, 14 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் கையில் வந்த மூன்று பழைய பிளக்குகளில் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் கம்பி குழிக்குள் நேராக இறங்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பிளக்கின் மேல்பகுதியில் உள்ள வெள்ளைப் பீங்கான் உடையும். பிளக் முறிந்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் உடைந்தது பீங்கான்தான். காரணம் முறுக்கு இல்லை, சாய்வு. ஒரு கையால் ராட்செட்டின் (சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடி) தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் திருப்புங்கள். நீளமான இரும்புக் குழாயை ராட்செட்டில் மாட்டித் திருப்பும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. சக்கர நட்டுக்கு அது சரி. பிளக்குக்குக் கூடாது, ஏனென்றால் நீளம் கூடக் கூட உங்கள் கைக்கு எதுவும் தெரியாமல் போகும்.

கைக்குத் தெரிய வேண்டியது இதுதான். திருப்பும் பக்கம் பிளக் சிறிது நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்றால் மரை இளகுகிறது. நகர்ந்ததுபோல் இருந்து, பிடியைத் தளர்த்தியதும் ரப்பர்போல் பழைய இடத்துக்கே திரும்பினால் மரை அசையவே இல்லை. பிளக்கின் உடல்தான் முறுக்கிக்கொள்கிறது. முறிவுக்கு முந்தைய நிமிடம் அது. உடனே நிறுத்தி, உள்பக்கம் திருப்பிவிட வேண்டும். நான் தொழில் கற்ற காலத்தில் ஒரு பட்டறையில் இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு பிளக்கின் தலையைத் தனியாகக் கையில் எடுத்தவன். அன்று மாலை வரை யாரும் என்னிடம் பேசவில்லை. அதன் மீதியை வெளியே எடுக்க ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று.

ஆகவே எட்டில் ஒரு பங்கு வெளியே, அதில் பாதி உள்ளே. மீண்டும் சிறிது கூடுதலாக வெளியே, மீண்டும் உள்ளே. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் கரி பொடியாகும், எண்ணெய் இன்னும் ஒரு மரை கீழே இறங்கும். 'கிரீச்' என்ற சத்தம் வரும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சத்தம் கூடிக்கொண்டே போனாலோ, இறுக்கம் ஏறிக்கொண்டே போனாலோ மட்டும் நிறுத்தி, இன்னும் சில சொட்டு எண்ணெய் விட்டுத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடத்திலும் முடியலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம்.

எஞ்சினைச் சூடாக்கிக் கழற்றலாமா என்பது பட்டறைகளில் ஓயாத வாதம். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் சூட்டில் துளை அகன்று பிடி தளரும் என்பது உண்மை. அதே சூட்டில் அலுமினியம் இளகி, மரை பிளக்கோடு உரிந்து வருவதும் உண்மை. என் தீர்ப்பு: குளிர்ந்த நிலையில் ஆட்டிப் பார்த்து முழுமையாகத் தோற்ற பிறகே சூடு. பிளக்கை இறுக்கி, காயிலை மாட்டி, ஓரிரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். ஹெட்டின் மேல் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கையை இழுத்துக்கொள்ளும் சூடு கூடாது.

இதற்கும் வராவிட்டால் அங்கே உங்கள் வேலை முடிந்தது. பழைய பிளக்கை இறுக்கிவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் ஓட்டிச் செல்லுங்கள். முறியாத பிளக்கோடு போவதால் அவருக்கும் வேலை எளிது. மரை உரிந்திருந்தால்கூட ஹெலிகாயில் போன்ற எஃகு மரையைப் பதித்துச் சரிசெய்ய முடியும். பீங்கான் மட்டும் உடைந்தால் துண்டுகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சாக்கெட்டை அதே எஃகுத் தலையில் மாட்டித் திருப்பலாம். எந்தத் துண்டாவது சிலிண்டருக்குள் விழுந்ததாகச் சந்தேகம் இருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பீங்கான் சிலிண்டரின் சுவரைக் கீறிவிடும்.

பிளக் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இறங்கிய எண்ணெயை வெளியேற்ற, நான்கு பிளக்குகளும் காயில்களும் கழன்ற நிலையில், ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, துளைகளின் மேல் துணி போட்டுச் சில நொடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். நிறைய எண்ணெய் தேங்கிய சிலிண்டரில் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனுக்கு மேலே போக இடமிருக்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

புதிய பிளக்கை ராட்செட்டால் தொடங்கவே கூடாது. ஒரு சாண் நீள பெட்ரோல் ரப்பர் குழாயை வாங்கி, பிளக்கின் மேல்முனையில் செருகி, குழாயை விரலால் உருட்டுங்கள். மரை நேராகப் பிடித்தால் பிளக் தானாக இறங்கும். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும். ராட்செட்டாக இருந்தால் வழுக்காமல் புதிய மரையே வெட்டியிருக்கும். பத்து ரூபாய்க் குழாயைவிட நல்ல பாதுகாப்பு இந்த வேலையில் வேறு இல்லை.

கையால் அடிவரை இறங்கியதும் டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் மரைப் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 என்பது பொதுவான அளவு. உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பிளக் பெட்டியிலேயே எத்தனை சுற்று என்று படம் போட்டிருப்பார்கள். 14 மில்லிமீட்டர் புதிய பிளக்குக்குப் பெரும்பாலும் வாஷர் தொட்ட பிறகு அரைச் சுற்றுக்குச் சற்று மேல். அதற்கு மேல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொடுக்கும் ஒரு இழுப்புதான் அடுத்த முறை கழற்றுகிறவரை அழ வைப்பது.

மரையில் கிரீஸ் தடவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். புதிய பிளக்கின் மரை வெள்ளியாகப் பளபளத்தால் அதில் ஏற்கெனவே முலாம் இருக்கிறது. என்ஜிகே போன்ற நிறுவனங்கள் அதன் மேல் எதுவும் தடவ வேண்டாம் என்றே சொல்கின்றன. வழுக்கும் மரையில் அதே டார்க் அளவை வைத்து இறுக்கினால் உண்மையில் கூடுதலாக இறுகும், பிளக்கின் உடல் இழுபடும். தடவுவதென்றால் காயிலின் ரப்பர் உறைக்குள் சிறிது டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவுங்கள், கடற்கரை ஈரத்துக்கு அது உதவும்.

கழற்றிய நான்கையும் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். நான்காவதன் முனை மட்டும் எண்ணெய்ப் பசையோடு கருப்பாக இருந்தால், அங்கே கரி சேர்ந்ததற்குக் காரணம் பிளக்கின் வயது மட்டுமல்ல. அந்தச் சிலிண்டருக்குள் எண்ணெய் கசிகிறது. அட்டையோடு மெக்கானிக்கிடம் காட்டி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்.