மீட்டர் முள் அசையாவிட்டால் மீட்டரையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2007 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ் இருக்கிறது. போன மாதம் முன் டயருக்குப் பஞ்சர் போட்டேன். அதற்கு இரண்டு நாள் கழித்து ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்திலேயே படுத்துவிட்டது, கிலோமீட்டரும் ஓடவில்லை. பெட்ரோல் முள் பல மாதங்களாகவே காலி என்றுதான் காட்டுகிறது. மெக்கானிக் மொத்த மீட்டர் செட்டையும் மாற்றச் சொல்கிறார், 2,200 ரூபாய் ஆகுமாம். மாற்றிவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மீட்டர் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் வண்டியில் வேகம் காட்டுவதற்குக் கரண்ட் தேவையில்லை. முன் சக்கரத்தின் பிரேக் பிளேட்டுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது, மெக்கானிக்குகள் மீட்டர் பினியன் என்பார்கள். சக்கரம் சுற்றும்போது அது மீட்டருக்குப் போகும் கேபிளின் உள்கம்பியைச் சுழற்றும். கம்பியின் மேல்முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் அலுமினியக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருக்கும். காந்தம் சுழலும் வேகத்துக்கு ஏற்ப அந்தக் கிண்ணம் இழுபட்டு முள்ளை நகர்த்தும். மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்பப் பிடித்து இழுக்கும். கிலோமீட்டர் எண்கள் மட்டும் இந்தக் காந்த வேலையில் சேராது, அவை பல்சக்கரம் வழியாக அதே கம்பியால் நேராகச் சுற்றுகின்றன.

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முள் நின்று கிலோமீட்டர் மட்டும் ஓடினால் கோளாறு மீட்டருக்குள் இருக்கிறது. முள் ஆடிக்கொண்டே இருந்தால் கேபிள் காய்ந்திருக்கும், அல்லது எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கும். உங்களுக்கு நடந்தது போல இரண்டும் ஒன்றாக நின்றால், சுழற்சி மீட்டர் வரைக்கும் வந்து சேரவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அதுவும் பஞ்சர் போட்ட இரண்டே நாளில் நின்றது என்கிறீர்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது பினியனை ஓட்டும் வளையம் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) உள்ள பள்ளத்தில் சரியாக உட்காராமல் போயிருக்கலாம். அப்படியே ஆக்ஸிலை முறுக்கினால் வளையத்தின் காது போன்ற நீட்சி நசுங்கிவிடும். பஞ்சர் கடைகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

சோதிப்பது சுலபம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்சீட்டை அழுத்தச் சொன்னால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். மீட்டருக்கு அடியில் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உள்கம்பியின் சதுர முனை சுற்றினால் மெக்கானிக் சொன்னது சரி, மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். சுற்றவில்லையா? கேபிளின் கீழ்முனையையும் கழற்றிக் கம்பியை உருவிப் பாருங்கள். அறுந்திருந்தால் கேபிளை மாற்றினால் போதும், 200 ரூபாய் அளவில் முடிகிற வேலை. கம்பி முழுசாக இருந்தால் பினியனைப் பாருங்கள். புதுக் கேபிள் போடும்போது உள்கம்பிக்கு லேசாகக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். மேல்முனைப் பக்கம் கிரீஸ் வேண்டாம், அது மீட்டருக்குள் ஏறினால் முள் மந்தமாகிவிடும்.

பெட்ரோல் முள் கதை வேறு, அது பேட்டரியில் ஓடுவது. டேங்குக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் மட்டம் ஏறி இறங்கும்போது மிதவையோடு சேர்ந்த கை ஒரு மின்தடையின் மேல் நகரும், அதற்கேற்ப முள் அசையும். டேங்குக்கு அடியிலிருந்து வரும் கப்ளரை, அதாவது வயர்கள் சேரும் இணைப்பைப் பிரித்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். இரண்டு வயர்தான் வருகிறதென்றால், மீட்டர் பக்கம் போகும் இரண்டையும் ஒரு துண்டு வயரால் சில நொடிகள் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரித்தால் முள் காலிக்கு இறங்கும், சேர்த்தால் ஃபுல்லுக்கு ஏறும். ஏறினால் மீட்டர் உயிரோடு இருக்கிறது, மிதவைதான் சிக்கியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் மீட்டரைக் குறை சொல்லுமுன் பியூஸ், கப்ளர், எர்த் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையின்போது டேங்க் மூடி மூடியே இருக்கட்டும். மிதவையைக் கழற்றும் வேலை மெக்கானிக்குடையது, அதுவும் டேங்கைக் காலி செய்த பிறகு.

இண்டிகேட்டர் போடும்போது அதன் தாளத்துக்கே பெட்ரோல் முள்ளும் ஆடினால் பேட்டரி அல்லது எர்த் என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். என் பழைய வண்டியில் இப்படி ஆடியபோது அவசரப்பட்டுப் புது மிதவை வாங்கினேன். கடைசியில் பார்த்தால் எர்த் வயரைப் பிடித்திருந்த நட்டில் துரு. உப்புத்தாளில் தேய்த்ததும் சரியாகிவிட்டது. மிதவை இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

மீட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால், பழைய மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் மாற்றிய தேதியையும் பில்லில் எழுதி வாங்குங்கள், பழைய மீட்டரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்த பில்தான் உங்களுக்காகப் பேசும். சென்னைப் பக்கம் வந்தால் புதுப்பேட்டையில் கழற்றிய பழைய மீட்டர்கள் கிடைக்கும். ஆனால் அதில் யார் வண்டியின் கிலோமீட்டர் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் பைக் ஒன்றைக் கடையில் பார்த்தேன். 2012 மாடல், மீட்டரில் 18,400 கிலோமீட்டர். நம்பலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து நம்பக் கூடாது. கேபிள் அறுந்து இரண்டு வருடம் ஓடிய வண்டியும் குறைவாகத்தான் காட்டும், அதில் ஏமாற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஐந்து இலக்க மீட்டர் 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். கால் வைக்கும் ரப்பர், கியர் லீவர், பிரேக் பெடல், கைப்பிடி எல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தால் 18,000 என்பது கதை. பழைய சர்வீஸ் பில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், அதில் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். ஓட்டிப் பார்க்கும்போது போனில் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிடுங்கள். மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது வழக்கம்தான், குறைத்துக் காட்டினால் யோசியுங்கள்.

கடையில் வாங்குவது ஒரு வகையில் நல்லது. 'இத்தனை கிலோமீட்டர்தான் ஓடியது' என்பதை அவர்கள் கைப்பட எழுதித் தரட்டும். அது பொய் என்று தெரிந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். தெரிந்தவரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கினால் இந்த வழி கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் அவர் வியாபாரி இல்லை. எழுதித் தர மாட்டேன் என்று கடைக்காரர் மழுப்பினால் வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: பத்து வருடப் பைக்கின் டிஜிட்டல் மீட்டரில் எழுத்தே தெரியவில்லை, கண்ணாடி மட்டும் கறுத்துவிட்டது. புதுசு விலை அதிகம். (வாசகர், வேலூர்)

பதில்: வெயிலில் திரைமேல் உள்ள போலராய்டு ஃபிலிம் கெட்டிருக்கலாம். உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஃபிலிமை மட்டும் மாற்றித் தரும் மீட்டர் ரிப்பேர் கடைகள் இருக்கின்றன, முதலில் அங்கே கேளுங்கள். பெட்டியைப் பிரித்து மூடும்போது ரப்பர் விளிம்பைச் சரியாக உட்கார வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் மழைக்கே உள்ளே ஆவி படியும்.